பத்துக்குக் கீழே

ஆரையம்பதித் திவாகரனின் உடம்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்து வயது. சீனி வருத்தம் கிடையாது, பிறஷர் கிடையாது, ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவன் இல்லை. படுத்தவர்களைத் தள்ளுவதுதான் அவன் தொழில். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் பதினொரு வருடமாகச் சிற்றூழியர் வேலை. அப்படிப்பட்ட ஆள் தன் மனைவியிடம் போய்ச் சேர முடியாமல் போனது, இரத்தத்தில் ஒரு இலக்கம் பத்துக்குக் கீழே நின்றதால். இப்படியும் ஒரு அநியாயம் உலகத்தில் நடக்கிறது.

மனைவி தனுஷா லண்டனில் இருக்கிறாள். லண்டன் என்பது ஊர் வழக்கு. உண்மையில் அது ஸ்கொட்லாந்தின் வடக்கே, பெயரை இரண்டு தரம் சொல்லிக் கேட்டாலும் வாயில் நிற்காத ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இரண்டாயிரத்து இருபத்துநான்கு மே மாதம் போனாள். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்று அந்த நாட்டில் விதி போட்டிருந்தார்கள். எனவே திவாகரன் போவதென்றால் அவனும் வேலைக்கு என்றுதான் போக வேண்டும்.

கல்யாணம் முடித்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. கொழும்புவரை போய்க் காட்டினார்கள். இரண்டு பேரிலும் குறை இல்லை என்றே எல்லா டொக்டர்மாரும் சொன்னார்கள். குறை இல்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு தொட்டிலா கட்டுவது? அங்கே போனால் வேறு வைத்தியம் இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே கூரைக்குள் இருந்தால் பார்க்கலாம் என்பதுதான் தனுஷாவின் எண்ணம். போகும்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. விமான நிலையத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்.

“எனக்கு நாப்பது ஆகமுன்னம் வந்திடுங்க.”

திரும்பி வந்துவிடவும் அவளால் முடியாது. அவளுடைய தாய் அன்னப்பூரணிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. களுவாஞ்சிக்குடியில் மகன் வீட்டில் இருந்துகொண்டு கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். தனுஷாவின் சம்பளம் நின்றால் அந்தச் சுத்திகரிப்பும் நின்றுவிடும்.

திவாகரனுக்கு வழி திறக்காமல் இல்லை. தனுஷா வேலை செய்த இல்லத்தின் முதலாளியம்மா நல்ல மனுசி. உன் புருசனுக்கும் ஒரு இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆங்கிலப் பரீட்சையில் திவாகரன் இரண்டாம் தரம் தப்பிப் பிழைத்துத் தேறினான். காசநோய் இல்லை என்ற பத்திரமும் எடுத்தாயிற்று. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அந்த இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தார். பழைய கப்பற்காரர், புத்தி தடுமாறியவர். அவருடைய இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருந்தது. குளிப்பாட்டப் போனால் பிறாண்டுவார், கோபம் வந்தால் கடிப்பார். அதனால் அங்கே வேலைக்கு வருகிற யாராக இருந்தாலும் தடுப்பூசி மூன்றும் போட்டு, இரத்தத்தில் அன்ரிபொடி பத்துக்கு மேல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். காப்புறுதிக் கம்பனி போட்ட கட்டளை அது. கிருமி வந்தால் எதிர்த்து நிற்க உடம்பு செய்து வைத்திருக்கும் பொருள்தான் அன்ரிபொடி. பத்து என்பது கோடு. மேலே நின்றால் உள்ளே, கீழே நின்றால் வெளியே. தனுஷாவுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது.

பதினொரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவனுக்கு அந்த ஊசி ஏற்கெனவே போட்டிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். டொக்டர்மாருக்குப் போட்டார்கள், மிஸி என்று கூப்பிடுகிற தாதிமாருக்குப் போட்டார்கள். இரத்தம் தோய்ந்த படுக்கைத் துணியை அள்ளுகிறவனுக்குப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனும் கேட்கவில்லை.

சரி, இப்போது போட்டுக்கொள்ளலாம் என்று செப்டெம்பர் மாதம் ஊசி அறைக்குப் போனான். அங்கே நிஸ்மியா மிஸி இருந்தாள். காத்தான்குடிப் பெண், முப்பது வயது, வேலையில் கெட்டிக்காரி. பக்கத்து ஊர் என்பதால் திவாகரனோடு ஒரே பஸ்ஸில் வந்து போகிறவள், அவனை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுகிறவள்.

“சேட்டுக் கையை உசத்துங்க அண்ணன்.”

“கையில வேணாம் மிஸி. நாளைக்கு விடிய வலை எறியணும்.”

திவாகரனுக்கு வீச்சுவலை என்றால் உயிர். தனுஷா போன பிறகு அந்த வீட்டில் விடியும்வரை படுத்திருக்க அவனால் முடியவில்லை. வெள்ளாப்பு வெளிக்கும்போதே தோணியை எடுத்துக்கொண்டு வாவிக்குள் போய்விடுவான். வலையில் பாதியை இடது முழங்கையில் தொங்கப் போட்டு, ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்து, மீதியை வலது கையால் சுழற்றி விட்டால், தட்டு மாதிரி வட்டமாய்ப் போய் விழும். அந்த வட்டத்தில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்கவும் மாட்டான். ஏழு மணிவரை எறிந்துவிட்டு, குளித்து, கிடைத்ததை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவான்.

“அப்ப இடக்கையில போடுறன்.”

“இடக்கையிலதானே மிஸி வலை தொங்கும். வலக்கைதான் எறியும். ஒரு கையும் சும்மா இல்ல. பின்பக்கம் போடுங்களன், எல்லா ஊசியும் அங்கதானே போடுற?”

நிஸ்மியா கொஞ்சம் தயங்கினாள். இந்த ஊசியைக் கைத்தசையில்தான் போட வேண்டும் என்று படித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வெளியே பதினைந்து பேர் நிற்கிறார்கள், கேட்கிறவர் அண்ணன், ஊசி ஊசிதானே. பின்பக்கத்தில் போட்டாள். ஒக்டோபரிலும் அப்படித்தான், மார்ச்சிலும் அப்படித்தான். அடுத்த நாள் விடிய அவன் வலை தட்டு மாதிரி விழுந்தது. மூன்றாம் ஊசி போட்ட அன்று, “கையில போட்டிருந்தா ரெண்டு நாள் வலை போயிருக்கும் தனு” என்று தொலைபேசியில் பெருமையடிக்க வாய் எடுத்தான். அவளுடைய ஓய்வு நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

ஏப்ரல் கடைசியில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நான்கு.

டொக்டர் றம்ஸீன் அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல டொக்டர், சிற்றூழியரைக்கூட உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்.

“ஆரோக்கியமான ஆளுக்கெல்லாம் ஒரே மாதிரி ஏறும் என்டு நினைக்காதீங்க திவாகரன். நாப்பது தாண்டினா குறையும். பொம்பிளைகளை விட ஆம்பிளைகளுக்குக் குறையும். பீடி குடிச்சாக் குறையும். உடம்பு வெச்சாக் குறையும். சிலருக்கு ஒரு காரணமும் இல்லாமலே ஏறாது, பிறவியிலயே அப்பிடி.”

வயதையும் ஆணாய்ப் பிறந்ததையும் திருத்த முடியாது. பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு போய்க்கொண்டிருந்தது. தனுஷா போன பிறகு இரவுச் சாப்பாடு கடைக் கொத்துரொட்டி என்றாகி, இடுப்பில் ஒரு சுற்று ஏறியிருந்தது. டொக்டர் சொன்ன ஒவ்வொன்றும் தன்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

“ஊசி எங்க போட்டது? கையிலதானே? பின்பக்கம் போட்டா கொழுப்புக்குள்ள போய்க் கிடந்திடும். தசைக்குள்ள போனாத்தான் உடம்பு சரியாப் பிடிக்கும்.”

திவாகரன் நிமிர்ந்தான். டொக்டருக்குப் பின்னால் கோப்புகளை அடுக்கிக்கொண்டு நின்ற நிஸ்மியாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு வேலை போனால் வீட்டில் நான்கு வாய். பின்பக்கம் போடச் சொன்னது யார்? இவன்தான்.

“கையிலதான் சேர்” என்றான்.

பொய் சொல்லி ஒருத்தியைக் காப்பாற்றிய திருப்தி அவனுக்கு அன்று முழுவதும் இருந்தது. மடையன். டொக்டர் அதை நம்பினார். கையில் போட்டும் நான்குதான் என்றால் உடம்பின் இயல்பே அப்படி, மெதுவாகப் பிடிக்கிற உடம்பு, ஒரு மாதம் பொறுத்து இன்னொரு ஊசி போட்டுப் பார்ப்போம் என்றார். திவாகரனும் பொறுத்தான். அன்று மத்தியானம் தனுஷாவோடு பேசும்போது டொக்டர் சொன்னதையே அவளுக்கும் சொன்னான். சிலருக்கு ஏறாதாம், பிறவியிலேயே அப்படியாம் என்று. அவளுக்கும் பொய்தான்.

பதினைந்து நாள் போனது. அந்தப் பதினைந்து நாளும் பஸ்ஸில் நிஸ்மியா அவனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பதினாறாம் நாள் அவளே டொக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மூன்று ஊசியும் பின்பக்கம், மூன்றும் தன் கையால். டொக்டர் சத்தம் போட்டது வெளியே கதிரையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பிறகு திவாகரனைக் கூப்பிட்டார்.

“அவங்கட வேலை போகாது. ஒங்கட பதினைஞ்சு நாள் போயிட்டு. இப்ப சந்தோசமா?”

வெசாக் விடுமுறை நாளில், மே பன்னிரண்டாம் திகதி, எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கினார்கள். மூன்று கிழமைக்குள் மூன்று ஊசி. அவசரத்துக்குப் போடுகிற முறை அது, உடம்பு பிடிக்க நாள் எடுக்கலாம் என்று டொக்டர் முன்கூட்டியே சொன்னார். இம்முறை கையில். ஏன் மறுபடி முதலில் இருந்து என்பதைத் தனுஷாவுக்கு மட்டும் அவன் சொல்லவில்லை. அடுத்த நாள் தனுஷா வழமையான நேரத்துக்கு முன்பே தொலைபேசி எடுத்தாள். 

“செய்தி பாத்தீங்களா? வெளியில இருந்து பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறத நிப்பாட்டப் போறாங்களாம்.”

நிறுத்துகிற நாள் பிறகு தெரிந்தது. ஜூலை இருபத்திரண்டு. அன்றிலிருந்து புதிதாக யாரும் விண்ணப்பிக்க முடியாது. முதலாளியம்மா கடைசிவரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் பத்து இல்லாமல் வேலைக்கு எடுக்கிற பத்திரம் எழுத அவராலும் முடியாது.

அந்தப் பத்துக் கிழமை திவாகரன் இருந்த மாதிரி எந்தச் சாமியாரும் இருந்திருக்க மாட்டார். பீடிக் கட்டை வாவியில் எறிந்தான். கொத்துரொட்டிக் கடைப் பக்கம் தலை வைத்தும் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி இறங்கிய இடத்தைப் பச்சைப் பிள்ளையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்தான். வலையை எடுக்கவே இல்லை. அது கூரைக்குக் கீழே தொங்கிக் காய்ந்தது, எலி இரண்டு இடத்தில் கடித்தது. விடியக் காலமே விழிப்பு வரும். வந்தாலும் படுத்தே கிடப்பான். தூக்கம் குறைந்தாலும் அன்ரிபொடி குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்திலேயே அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கவலைப்பட்டாலும் குறையும் என்றும் சொன்னார்கள். கவலைப்படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஜூன் முப்பதாம் திகதி எடுத்த இரத்தத்தில் ஆறு.

“ஏறுது” என்றார் டொக்டர். “ஆனா மெதுவா ஏறுது.”

ஜூலை பதினான்காம் திகதி கடைசித் தரம் எடுத்தார்கள். மாதிரி கொழும்புக்குப் போய் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்குப் பிறகு மூன்று நாளில் கதவு மூடுகிறது. தாளை அவனே உறையில் இருந்து எடுத்தான். எட்டு.

டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். இவர் உடம்பு எதிர்ப்பைக் காட்டத் தொடங்கிவிட்டது, நாளுக்கு நாள் ஏறுகிறது, சில கிழமையில் பத்தைத் தாண்டும் என்று. முதலாளியம்மா அதைக் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பினார். திங்கட்கிழமை பதில் வந்தது. எட்டு என்பது பத்து அல்ல என்பதைத்தான் அவர்கள் ஒரு பக்கம் முழுக்க மரியாதையாக எழுதியிருந்தார்கள். இன்னும் பதினைந்து நாள் இருந்திருந்தால் என்று திவாகரன் நினைத்தான். பிறகு அந்தப் பதினைந்து நாள் எங்கே போனது என்பதும் நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போய் வழமைபோலத் தள்ளுவண்டி தள்ளினான். மத்தியானம் தனுஷா எடுத்தாள்.  

“ஒங்கட பிழை இல்ல. ஒங்கட உடம்பு அப்பிடி. அதுக்கு ஆர் என்ன செய்ற?”

அவன் தள்ளுவண்டியின் பிடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினான்.

இனி ஒரு வழிதான் மிச்சம். தனுஷாவுக்கு அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்தால் புருசனைக் கூப்பிடலாம். ஐந்து வருடம் என்று இருந்ததைப் பத்தாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பத்து என்றால் அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு. இரண்டு பேரும் அந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

ஓகஸ்ட் முதலாம் கிழமை நிஸ்மியா அவனை ஊசி அறைக்குக் கூப்பிட்டாள். “இன்னும் ஒண்டு போடச் சொல்லி டொக்டர் எழுதியிருக்கார்.”

“இனி என்னத்துக்கு மிஸி?”

“இஞ்ச இந்த இரத்தத்துக்குள்ளதானே நீங்க கை வைக்கிற? அதுக்காகவாவது போடுங்க அண்ணன். அல்லாவுக்காகக் கையைக் காட்டுங்க.”

காட்டினான். அவள் ஊசியை ஏற்றி எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அழுதாள். அவனுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்பட அவனுக்குத் தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

வலையை இறக்கி எலி கடித்த இடத்தைப் பின்னினான். பீடியும் திரும்பி வந்தது. முதல் நாள் எறிந்தபோது வலை வட்டமாக விழவில்லை, ஒரு பக்கம் சுருண்டு பொத்தென்று விழுந்தது. பக்கத்துத் தோணிக்காரன் சிரித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஒரு கிழமையில் கை பழகி வலை முன்போல வட்டமாக விழத் தொடங்கியது. அதைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை, ஆனாலும் எறிந்தான். விடியக் காலத்தை வேறு என்ன செய்வது?

ஒக்டோபர் நடுவில், தனுஷாவின் நாற்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், நிஸ்மியா ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டினாள். ஓகஸ்ட் ஊசி பிடித்திருக்கிறதா என்று டொக்டர் எடுப்பித்த இரத்தம். அவள் கண்ணை நிமிர்த்தவில்லை.

நூற்று நாற்பத்தாறு.

திவாகரன் அந்த இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தான். பிறவியில் ஒரு கோளாறும் இல்லை. அவன் உடம்பு ஏற்கிற உடம்புதான். கையில் போட்டிருந்தால் ஏப்ரலிலேயே பத்தைத் தாண்டியிருக்கும் என்று டொக்டர் சொல்லத் தேவை இல்லை, அவனுக்கே விளங்கியது. மேயில் போயிருப்பான். இந்நேரம் அந்த வாயில் நுழையாத ஊரில், ஒரே கூரைக்குள் இருந்திருப்பான். மூன்று தரம், தரத்துக்கு இரண்டு நாள், மொத்தம் ஆறு நாள் வலை எறியாமல் இருந்திருந்தால் போதும்.

“இதை ஒருத்தருக்கும் சொல்லாதீங்க மிஸி” என்றான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

பிறந்த நாளன்று இரவு தனுஷா எடுத்தாள். கூட வேலை செய்கிறவர்கள் கேக் வெட்டினார்களாம். அந்தக் கப்பற்காரக் கிழவர்கூடக் கடிக்காமல் கையைத் தட்டினாராம். சொல்லிச் சிரித்தாள். 

“நாப்பது வந்திட்டு என்ன?”

“ஓம்.”

“நான் அழ இல்ல, பயப்படாதீங்க. நான் யோசிச்சுப் பாத்தன். கடவுள் ஒங்கட உடம்ப அப்பிடிப் படைச்சிட்டார். நாம ஏதும் பிழை விட்டு இப்பிடி ஆகியிருந்தாத்தான் என்னால தாங்க ஏலாம இருந்திருக்கும்.”

சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. அவன் கை அங்கே போய், அதன் மேல் நின்றது.

“வேற என்ன புதினம்?” என்று கேட்டாள்.

“ஒண்டும் இல்ல தனு” என்றான் திவாகரன். “இண்டைக்கு விடிய நல்ல இறால்.”